கோணல் வாங்கும் தகர வெளிச்சமும்

நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. பாலை மரப் பலகையில் நாலு பேர் இருக்கக்கூடிய வாங்கு, பெஞ்சு என்பார்களே, அது ஒன்று செய்தேன். நேர் வாங்கு அல்ல, பிறை மாதிரி வளைந்த வாங்கு. மின்சாரம் என்ற கதையே இல்லாத காலத்தில், மண்சுவரில் துவாரம் விட்டு, வெளியே முகம் பார்க்கிற கண்ணாடியைச் சரித்து வைத்து, வெயிலைப் பிடித்து உள்ளே இழுத்துப் படம் பெருப்பிக்கிற கருவி செய்தேன். பிஸ்கற் தகரத்தை வெட்டி விரித்து, தட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, முகத்துக்கு வெளிச்சம் அடிக்கிற பலகை செய்தேன். உடைந்த சீமெந்துக் குழாயைப் பிளந்து படம் கழுவுகிற தொட்டி செய்தேன். முழு ஸ்ரூடியோவையும் உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, எத்தனை இடத்தில் அதற்குக் கூரை போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பிறகு தகப்பனுக்குப் பின்னால் ஒரு பாயைச் சுமந்துகொண்டு வன்னிக்கு வந்தவன். எனக்கு யாரும் எதையும் படிப்பிக்கவில்லை. பார்த்தேன், செய்தேன், பிழை வந்தால் கழற்றித் திரும்பச் செய்தேன்.

அந்த வாங்கு இப்போது வவுனியாவில் என் வீட்டு விறாந்தையில் கிடக்கிறது. வருகிறவர்கள் இருந்துவிட்டு, "என்ன அண்ணை, வாங்கு கோணலாக் கிடக்கு?" என்று கேட்பார்கள். சென்ற மாதம் அதில் இருந்துகொண்டுதான் ஓவசியர் ஐயாவின் கல்வெட்டைப் பிரித்தேன். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் குடும்பத்தார் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். பளபளப்பான தாள். முதல் பக்கத்தில் ஐயாவின் படம். அடுத்த பக்கத்தில், அவருக்கு முன்னரே போய்விட்ட அவருடைய மனைவியின் படம். அந்த இரண்டாவது படத்தைப் பார்த்த நேரம் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்புகிறேன், கேற் வரை நடக்கிறேன், திரும்பி வந்து அதே பக்கத்தைப் பிரிக்கிறேன். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தாலும் கை அந்தப் புத்தகத்தைத் தேடுகிறது. அந்தப் படம் எப்படி உண்டானது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார். மற்றவன் நான். ஆகவே நான்தான் எழுத வேண்டும்.

ஓவசியர் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்த குடும்பத்தவர். நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து, குளத்து மதகுகளையும் வாய்க்கால்களையும் பார்த்து ஓய்வுபெற்றவர். நெல் விதைத்தார். அவரிடம் ஒரு நல்ல கமரா இருந்தது. அதை யாருடைய கையிலும் கொடுக்க மாட்டார். கிளிநொச்சிப் பக்கம் கதவு, யன்னல், சைக்கிள், உழவு மெசின் பெட்டி என்று எதையும் திருத்திக்கொண்டிருந்த என்னிடம், கமரா வைக்கிற முக்காலியின் உடைந்த காலைத் திருத்தத்தான் முதலில் வந்தார். நான் அதை இரும்பு வளையம் போட்டு இறுக்கிக் கொடுத்தேன். ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. "நீர் பொல்லாத இஞ்சினியராய் இருப்பீர் போல" என்றார். பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் என்னை அவர் வேறு பெயரால் கூப்பிட்டதில்லை. பகிடியாக வந்த பட்டம் என்றாலும் பட்டம் பட்டம்தான். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

அவருடைய கமராவும் என் கைவேலையுமாக நாங்கள் ஸ்ரூடியோ தொடங்கிய அந்தச் சண்டைக் காலத்தில் வன்னிக்குள் எல்லாருக்கும் படம் வேண்டும். அடையாள அட்டைக்குப் படம், வன்னியை விட்டு வவுனியாவுக்குப் போக அனுமதிக்கிற பாஸுக்குப் படம், சோதனை எழுதுகிற பிள்ளைக்குப் படம். ஆனால் பொருளாதாரத் தடைக்குள் பிலிம் உள்ளே வருவது குதிரைக் கொம்பு. யாரோ ஒருவர் மருந்துக் குப்பிக்குள்ளே வைத்தோ மாப்பெட்டிக்குள்ளே புதைத்தோ ஒரு சுருள் கொண்டுவந்து தந்தால், அதை நாங்கள் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வைப்போம். படலையில் நிற்கிற சனத்துக்கோ அது காணாது, எத்தனை பேருக்குத்தான் போதும்? ஐயா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். நான்தான் சொன்னேன்: "ஒரு பிலிம் கட்டத்துல ஒருத்தரை ஏன் வைக்கணுங்க? நாலு பேரை இருத்துவோம். பெருப்பிக்கிற நேரத்துல ஒவ்வொரு தலையா வெட்டி எடுப்போம்." அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தரையில் ஈர்க்கால் கோடு கீறிப் பார்த்தார். நேர் வாங்கில் இருத்தினால் கரையில் இருக்கிற இரண்டு பேரும் கமராவுக்குத் தூரமாகி மங்கிப்போவார்கள் என்று சொன்னவர் அவர். அப்படியென்றால் வாங்கை வளைப்போம் என்று சொன்னவன் நான். அப்படித்தான் கோணல் வாங்கு பிறந்தது. கட்டையானவர்களுக்கு அடியில் வைக்கப் பலகைத் துண்டுகளும் செய்து வைத்திருந்தேன், நாலு தலையும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும் என்பதற்காக.

வாங்கு வந்த பிறகும் ஒரு குறை இருந்தது. மர நிழலில் இருத்துகிறபடியால் எல்லாருடைய கண்ணும் குழிக்குள்ளே போய்விடும். படத்தில் பார்த்தால் நாலு பேரும் நாலு நாள் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி. அதற்குத்தான் தகரப் பலகை. வலது பக்கத்தில் வெயிலில் நின்று, தகரத்தைச் சரித்து, அந்த வெளிச்சத்தை நாலு முகத்திலும் ஒருமிக்க விழுத்துவது என் வேலை. கொஞ்சம் கூடினால் கண்ணைச் சுருக்குவார்கள், குறைந்தால் குழி. சரியாக விழுந்தால் ஒவ்வொரு கண்மணியிலும் ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். அந்தப் புள்ளி வந்தால்தான் ஆள் உயிரோடு பார்க்கிற மாதிரி இருக்கும். புள்ளி வந்ததும் "விழுந்திட்டுதுங்க" என்று கத்துவேன். ஐயா கமராவின் பொத்தானை அமத்துவார். வன்னிக்குள் அந்த ஆண்டுகளில் நாங்கள் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். கண்ணில் அந்தப் புள்ளி இருந்தால் தகரத்தோடு நின்றவன் நான்.

ஓவசியர் ஐயாவின் மனைவியை நான் அக்கா என்பேன். தோட்டத்துப் பேச்சு என் வாயை விட்டுப் போகவில்லை. அவவுக்கு அது பெரிய பகிடி. "தம்பி, நீர் 'இருங்க இருங்க' எண்டு சொல்லச் சொல்ல ஆக்கள் பயந்து எழும்புதுகள். 'இருங்கோ' எண்டு சொல்லும், தன்பாட்டில இருக்குங்கள்" என்பா. எங்கள் ஸ்ரூடியோவில் தேத்தண்ணி கொடுப்பதும், பொம்பிளைப் பிள்ளைகளுக்குத் தலையிழுத்துப் பொட்டு வைத்துவிடுவதும் அவ. கமராவுக்கு முன்னால் மட்டும் வரமாட்டா. வீட்டில் கலியாணப் படமும் பிள்ளைகளின் படங்களும் இருந்தன. கிளிநொச்சியை விட்டு ஓடிய அன்று அந்த அல்பங்கள் எல்லாம் அலுமாரிக்குள்ளேயே கிடந்துபோயின. பிறகு முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டு, மறுபடி ஸ்ரூடியோவை நிமிர்த்தினோம். அங்கே வைத்துத்தான் அக்காவுக்கு வயிற்று வருத்தம் கூடியது. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்கள். போகப் பாஸ் வேண்டும். பாஸுக்குப் படம் வேண்டும்.

அன்று வாங்கில் மூன்று பேர் ஏற்கனவே இருந்தார்கள். எங்கள் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு வயதாளி, சோதனைக்குப் போகிற ஒரு பிள்ளை, முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர். ஐயா அக்காவைத் தனியாக எடுக்கப் போகிறேன் என்று நின்றார். அவ விடவில்லை. "ஊர்ச்சனம் எல்லாம் நாலு பேராய் இருக்கேக்க எனக்கென்ன தனிக் கொலு? பிலிமை மிச்சம் பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டு, வலது கரையில், என் தகரத்துக்குக் கிட்ட, வந்து இருந்துவிட்டா. பக்கத்தில் இருந்த மீன்பிடிக்காரர் நெளிந்தார். "அக்கா, கொஞ்சம் அங்காலை அரக்கி இருங்கோ. என்ர மனிசி உந்தப் படத்தைக் கண்டாளெண்டால் என்னைக் கடல்ல தள்ளிப்போடுவாள்." அக்கா திரும்பாமலே சொன்னா: "பயப்பிடாதை தம்பி, இவை எங்களை வெட்டிப் பிரிச்சுத்தான் தருவினம்." சோதனைக்காரப் பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டது. எனக்குத் தகரம் ஆடியது. "ஆடாதையும் இஞ்சினியர்!" என்று ஐயா கத்தினார். நான் பிடித்து நிறுத்தினேன். பாஸ் படத்தில் சிரிக்கக்கூடாது என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அக்காவும் மூடிக்கொண்டா, ஆனால் கண்ணில் இருந்த சிரிப்பை மூட முடியவில்லை. அந்தச் சிரிப்பின் மேலே என் வெளிச்சம் விழுந்தது. மூக்குத்தியிலும் ஒரு சொட்டு விழுந்தது. "விழுந்திட்டுதுங்க" என்றேன். அமத்தினார்.

அக்கா வவுனியாவுக்குப் போனா, திரும்பி வரவில்லை. ஐயாவுக்குப் பாஸ் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். பாஸும் அதில் ஒட்டியிருந்த படமும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. அச்சடித்து வைத்திருந்த மிச்சப் படமும் மழையில் போய்விட்டது. ஆக, அவவின் முகம் இந்த உலகத்தில் இருந்தது ஒரேயொரு இடத்தில்: நாலு பேர் இருந்த அந்த நெகற்றிவின் கரையில், ஒரு சின்ன விரல் நகத்தின் பாதியளவுக்கு. திரும்பி வந்த ஐயா அந்தத் துண்டைப் பால்மா வந்த தகரப் பேணிக்குள் வைத்து, போகிற இடமெல்லாம் கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு அவர் ஓரிடத்தில் இருந்து நான் கண்டதில்லை. நின்றபடிதான் சாப்பிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே எழும்பி நடப்பார். "ஒரு முழுப் பிலிம் குடுக்கேல்லை இஞ்சினியர். எவ்வளவு பேருக்கு எடுத்தன், அவாவுக்கு ஒரு முழுப் பிலிம் குடுக்கேல்லை" என்பார். அக்காவே கேட்கவில்லை என்று சொன்னால், "அவா கேக்காட்டில்?" என்று பாய்வார்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குக் கிட்ட நாங்கள் இருவரும் கோணல் வாங்கோடு வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம். நான் அங்கேயும் ஒரு கடையை எழுப்பினேன். பலகையும் தகரமும்தான், ஆனால் மழை ஒழுகாது. மின்சாரம் இருந்தது. ஐயா பேணியைத் திறந்தார். இரண்டு மாரி பார்த்த நெகற்றிவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தோம். அக்காவின் கன்னத்தில் இடியப்பத்தைப் பிய்த்துப் போட்ட மாதிரி நூல் நூலாக வந்தது. அங்கே இருந்த ஒருவர் தூரிகையால் தொட்டுத் திருத்தித் தருகிறேன் என்றார். திருத்தியும் தந்தார். அழகான ஒரு பொம்பிளை. ஆனால் எங்களுக்கு அவவைத் தெரியாது. ஐயா அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய் றோட்டில் நடந்தார். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், நெகற்றிவைக் கொம்பியூற்றருக்குள் ஏற்றுகிற மெசின் வந்திருக்கிறது, ஏற்றிவிட்டால் பூஞ்சணத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கலாம் என்று. ஸ்கானர் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான். ஐயாவுக்கு அது ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் ஸ்கானர், மத்தியானம் ஸ்கானர்.

கொழும்பிலிருந்து ஒரு விற்பனைக்காரர் இரண்டு மெசினைக் கொண்டுவந்து எங்கள் கடை மேசையில் வைத்தார். ஒன்று தட்டையான பெட்டி. மூடியைத் திறந்து கண்ணாடியில் எதையும் வைக்கலாம், கடதாசி, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ். மூடிக்குள்ளே லைற் இருந்தது, பிலிமையும் வைக்கலாம் என்றார். மற்றது பேக்கரியில் வாங்குகிற றாத்தல் பாண் அளவு; வாய்க்குள்ளே பிலிம் துண்டைத் தவிர வேறொன்றையும் எடுக்காது. அளவு பாண்தான், விலையோ சோடி மாட்டு விலை. இரண்டில் ஒன்றைத்தான் எங்களால் வாங்க முடியும். வாங்கில் இருந்துகொண்டு எதை வாங்குவது என்று யோசித்தோம். நான் மட்டும் இருந்தேன், ஐயா வழக்கம்போல நடந்துகொண்டு யோசித்தார். நான் தட்டுப் பெட்டிக்குத்தான் நின்றேன். வவுனியாவில் அன்றைக்குக் கடதாசி இல்லாத மனிசன் மனிசனே இல்லை. அந்தப் பெட்டி நாளைக்கே சோறு போடும். தொழில் நடத்துகிறவன் அப்படித்தான் நினைப்பான், அதை இப்போது யாரும் குற்றமாகப் பிடிக்க வேண்டாம். ஐயா பாண் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டுலயும் அக்காவைப் போட்டுப் பார்ப்போங்க. சுழி பார்க்காம மாடு வாங்குவாங்களா?" என்று சொன்னது நான். அந்த வார்த்தை இல்லாவிட்டால் பின்னால் நடந்த ஒன்றும் நடந்திராது.

விற்பனைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நின்றார், பின்னேர பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கரண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் தட்டுப் பெட்டி. நாலு பேரும் எங்கள் கொம்பியூற்றர்த் திரையில் வந்தார்கள். வாங்கு வந்தது, என் வளைவு வந்தது, பார்த்துப் பூரித்தேன். ஆனால் அக்காவின் முகத்தைப் பெருப்பிக்கப் பெருப்பிக்க அது புட்டுக்குக் குழைத்த மா மாதிரிக் கட்டி கட்டியாகப் போனது. ஒருவருக்கு ஒரு முழுக் கட்டம் கொடுத்திருந்தால் அந்தப் பெட்டியே காணும். நாங்கள் நாலு பேருக்கு ஒன்றல்லவா கொடுத்தோம். அடுத்து பாண் பெட்டி. அது உறுமி, நிறுத்தி, மறுபடி உறுமி, கறையான் அரிக்கிற வேகத்தில் இழுத்தது. முகம் வந்தது. பெருப்பித்தால் இன்னும் வந்தது. நூல் நூலாகப் பூஞ்சணமும் வந்தது. விற்பனைக்காரர் சிரித்தார். "அங்கிள், இனித்தான் விசயமே இருக்கு. இதுல ஒரு பட்டன். தூசி, கீறல், பூஞ்சணம், எல்லாத்தையும் தானாவே தேடி எடுத்துரும்." அமத்தினார். மெசின் திரும்பவும் உறுமியது. இந்த முறை அக்காவின் கன்னம் துடைத்த வெண்கலம் மாதிரி வந்தது.

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். போட்டார், பார்த்தார், திரும்பவும் கழற்றினார். "பார்த்தீரே இஞ்சினியர்? பார்த்தீரே?" என்றார். கையைச் சேர்ட் பைக்குள் விட்டு, சுற்றிக் கட்டி வைத்திருந்த காசை எடுத்துவிட்டார். எனக்கோ படத்தில் ஏதோ குறைந்தது. எழும்பினேன், இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நெற்றி சரி, வாய் சரி, பொட்டு சரி. பிறகுதான் பிடிபட்டது.

"அக்கா பாக்கலீங்க, ஐயா" என்றேன்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? கண் திறந்துதானே கிடக்கு."

"திறந்துதாங்க இருக்கு. பாக்கலீங்க. புள்ளியைக் காணோம்."

இரண்டு கண்ணிலும் என் வெளிச்சம் இல்லை. மூக்குத்தியும் சும்மா ஒரு மங்கல் மச்சமாக இருந்தது. நெகற்றிவ் என்றால் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் கிடக்கும். படத்தில் வெள்ளையாகத் தெரிகிற வெளிச்சம் பிலிமில் கறுப்புப் புள்ளி. மெசின் அதைக் கண்டு தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. விற்பனைக்காரர், "அது தூசிதான் அங்கிள், மெசின் பொய் சொல்லாது" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது தூசி இல்லைங்க. அது நான். நான் தகரத்தோட நின்ன இடம்" என்றேன். ஐயா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "உமக்கு உம்மட தகரம்தான் பெரிசு. எனக்கு என்ர மனிசி. எத்தினை வருசத்துக்குப் பிறகு அவாவைத் துப்பரவாய்க் காணுறன், அதுக்குள்ளை நீர் உம்மட கணக்கைக் கொண்டு வாறீர்." நான் சொன்னேன்: "ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா. அந்த வெளிச்சம் விழுந்தப்பதான் நீங்க அமத்துனீங்க."

அவர் காசை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். கண்டி றோட்டில் அங்கும் இங்கும் நடப்பது எங்களுக்குத் தெரிந்தது. விற்பனைக்காரர் மெசினைப் பெட்டிக்குள் வைக்கவா விடவா என்று நின்றார். நான் விடச் சொன்னேன். ஐயா திரும்பி வந்தபோது வியர்த்திருந்தது. மெசினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவருக்கு இங்கிலிஷ் வரும். ஓரிடத்தில் விரலை வைத்து நின்றார். "இஞ்சை போட்டுக் கிடக்கு. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு அந்தப் பொத்தானைப் பாவிக்கக் கூடாதாம்." விற்பனைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சத்தியமா அங்கிள், நானும் அத வாசிக்கல்ல." பொத்தானை விடுவித்துத் திரும்ப எடுக்கச் சொன்னார் ஐயா. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஒன்று துப்பரவு. மற்றதில் பூஞ்சணம், கீறல், நூல், அத்தனைக்கும் பின்னால் இரண்டு ஊசி முனை. மீன்பிடிக்காரரின் பகிடி இன்னும் அந்தக் கண்ணில் இருந்தது. ஐயா துப்பரவான படத்தைக் காட்டி, "இது அவாவின்ர படம்" என்றார். பிறகு பூஞ்சணம் பிடித்ததைக் காட்டினார். "இதுதான் அவா." பாண் பெட்டியை வாங்கினோம். விற்பனைக்காரர் பஸ்ஸுக்கு ஓடினார்.

பிறகு தொடங்கியது பெரிய வேலை. பூஞ்சணத்தைப் புள்ளி புள்ளியாகக் கையால் எடுக்க வேண்டும். மௌசைப் பிடித்தவர் ஐயா. இதை நான் மறைக்கவில்லை, என் கைக்கு அது அடங்காது. உளி பிடித்த கைக்கு அது சோப்புத் துண்டு மாதிரி. ஆனால் அவருக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. இருப்பார், எழும்புவார், வெளியே போவார். ஒரு நாள் நான் கதிரையைத் தூக்கி எறிந்துவிட்டு வாங்கை இழுத்து வந்து கொம்பியூற்றருக்கு முன்னால் போட்டேன். அவர் அந்த வாங்கில் அதுவரை இருந்ததே இல்லை. எப்போதும் கமராவுக்குப் பின்னால் நின்றவரல்லவா. கையால் தடவிப் பார்த்தார். "அவா இருந்தது இந்தக் கரைதானே?" என்றார். "ஓமுங்க ஐயா." வலது கரையில் இருந்தார். இருந்தவர் எழும்பவில்லை. மீன்பிடிக்காரரின் இடத்தில் நான் இருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் கதை இவ்வளவுதான்: "இது?" என்பார். "தூசிங்க, எடுங்க." "இது?" "பூஞ்சணம்." அம்புக்குறி கண்மணிக்குக் கிட்ட வரும். "இது?" "அது நான்." "சரி, நீர் இரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார். சில நாட்களில் வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கு வந்து, "இது ஆர்?" என்று கேட்டுச் சிரிப்பார். அக்கா போன பிறகு அவர் சிரித்ததை நான் கேட்டது அந்த வாங்கில் இருந்துதான்.

படம் முடிந்து, அச்சாகி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிய நாளில் அவர் என் தோளில் கை வைத்துச் சொன்னது இது: "இஞ்சினியர், உந்தப் படம் எங்கை போனாலும் உம்மட பேர் கூடப் போகும்." சாட்சிக்கு ஆள் இல்லை. சொன்னவரும் இல்லை. நான் சொல்கிறேன், நம்புங்கள்.

இப்போது கல்வெட்டுக்கு வருகிறேன். அக்காவின் படத்துக்குக் கீழே, "அமரர் தமது கையாலேயே எடுத்து, தமது கையாலேயே மீட்டெடுத்த படம்" என்று போட்டிருக்கிறார்கள். எடுத்த கையும் மீட்ட கையும் அவருடையதுதான். அதற்கு நான் வழக்குப் பேசவில்லை. ஆனால் படத்தைப் பாருங்கள். முகம் வெளுத்திருக்கிறது, சுருக்கம் போயிருக்கிறது, பின்னால் நீலவானம் வந்திருக்கிறது. தோளில் தொட்டுக்கொண்டிருந்த மீன்பிடிக்காரரின் தோள் இல்லை. எல்லாம் போகட்டும். கண்ணில் புள்ளி இல்லை. வெளிநாட்டில் இருக்கிற மூத்த மகளுக்குப் போன் போட்டேன். நல்ல பிள்ளை, பாசமான பிள்ளை. "மாமா, படம் நல்லாய் இருக்கே? கண்ணுக்குள்ளை ரெண்டு வெள்ளைத் தூசி கிடந்தது, அதையும் வடிவாத் துடைச்சுத்தான் போட்டனாங்கள்" என்றாள். மெசின் செய்த பிழையைப் பிள்ளையும் செய்தால் நான் எந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டுவேன்?

அன்றிலிருந்து நடக்கிறேன். ஐயா நடந்த நடையெல்லாம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. விறாந்தையில் வாங்கு கிடக்கிறது. அதில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் இருக்க முடியவில்லை. ஆகவே ஐயாவின் பிள்ளைகளுக்கும், இந்தப் படத்தை இனி யார் எங்கே அச்சடித்தாலும் அவர்களுக்கும், நான் எழுத்திலேயே சொல்லி வைக்கிறேன். நாங்கள் மீட்ட படத்தைத் துடைத்துவிட்டீர்கள், ஆனால் நெகற்றிவ் உங்களிடம்தான் இருக்கிறது, பால்மாப் பேணிக்குள். அந்தப் பழைய பாண் பெட்டி செத்துவிட்டது, தெரியும். புதிதாக எந்த மெசின் வேண்டுமென்றாலும் வாங்குங்கள், கடைக்காரன் சொல்வதைக் கேட்டே வாங்குங்கள். ஆனால் அந்தத் தூசி துடைக்கிற பொத்தானைத் தொடாதீர்கள். பூஞ்சணத்தைக் கையால் எடுங்கள். கண்ணுக்குக் கிட்ட வரும்போது நில்லுங்கள். பிறகு படத்துக்குக் கீழே உங்கள் அப்பாவின் பெயரைப் பெரிதாகவே போடுங்கள், அது அவருக்குச் சேர வேண்டியது. அதற்குக் கீழே இன்னொரு வரி எனக்கு வேண்டும், கேட்டு வாங்குகிறேன், வெட்கம் இல்லை. "வெளிச்சம்" என்று எழுதி, பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புள்ளி வைத்து, என் பெயரைப் போடுங்கள். அந்த இரண்டு புள்ளியையும் தூசி என்று யாரும் துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.